சலவையும் சிக்கனமும்

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் நாட்டுப் பழமொழி. கசக்கு என்று அது கூறுகிறதேயன்றி, எதனைக் கொண்டு கசக்குவது என்று கூறவில்லை. அப்பழமொழி பிறந்த காலத்தில் அந்த வினாவிற்கு இடமும் இல்லை. ஆறும் குளமும் அருகில் இருந்தன, துவைகல் இருந்தது, உவர்மண் ஊர்ப்புறத்திலேயே கிடைத்தது. இன்றோ கடைக்குச் சென்று நின்றால், கட்டியாகவும் தூளாகவும் நீர்மமாகவும் பலவகைச் சலவைப்பொருள்கள் நம் கண்முன் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் உறையும் தன்னையே சிறந்தது என்கிறது. விலையோ ஒன்றுக்கொன்று இருமடங்கு, மும்மடங்கு என வேறுபடுகிறது. எதனை வாங்குவது? எவ்வளவு பயன்படுத்துவது? அளவான வருவாயில் குடும்பம் நடத்துவோர்க்கு இது சிறிய வினா அன்று. அரிசி, பருப்பு, வாடகை, பள்ளிச்செலவு ஆகியன போக எஞ்சும் தொகையில்தான் சோப்பும் வாங்க வேண்டும். இரண்டே சீருடை உடைய பிள்ளைக்கு, அவ்விரண்டும் ஆண்டு முழுதும் நைந்துபோகாமலும் நிறம் மங்காமலும் இருந்தாகவும் வேண்டும்.

ஆடை வெளுக்கும் கலை நம்மிடையே பழமையானது. களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் ஆடை வெளுத்த புலைத்தி ஒருத்தியைப் புறநானூறு காட்டுகிறது. களர்நிலத்துக் கிணறு என்று புலவர் குறித்தது வெறும் வருணனை அன்று என எண்ண இடமுண்டு. களர்மண்ணில் சோடிய உப்புகள் மிகுதி. அவற்றுள் ஒன்று சோடியம் கார்பனேட்டு. நாம் இன்று கடையில் வாங்கும் சலவைச் சோடாவும் அதுவே. அது எண்ணெய்ப்பசையை இளக்கும் தன்மையது. பிற்காலத்து வண்ணார்கள் இவ்வுவர்மண்ணைக் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, தாழியின்மேல் அடுக்கி, அடியில் தீ மூட்டி, ஆவியில் புழுங்க வைத்தனர். இதனையே வெள்ளாவி என்பர். காரமும் வெப்பமும் நேரமும் கூடி அழுக்கைப் பிரிக்கும் முறை இது. இன்றைய சலவைத்தூள்கள் செய்வதும் பெரும்பாலும் இதுவேதான். பட்டுக்கு மட்டும் உவர்மண் ஆகாது என அறிந்து, அதற்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரைப் பயன்படுத்தினர். துணியின் இயல்பறிந்து சலவைப்பொருளைத் தேர்ந்தெடுத்த அறிவு இது.

சோப்புக்கட்டி நம் நாட்டிற்கு வணிகப்பொருளாகப் பெருமளவில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆகும். 1888-ஆம் ஆண்டில் 'சன்லைட்' சோப்புப் பெட்டிகள் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. எண்ணெயையோ கொழுப்பையோ எரிசோடாவுடன் சேர்த்து வினைபுரியச் செய்தால், சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. சோப்பின் நுண்துகள் ஒவ்வொன்றும் இருமுகம் கொண்டது. ஒருமுனை நீரை விரும்பும். மறுமுனை நீரை வெறுத்து எண்ணெயை நாடும். துணியில் படிந்த அழுக்கு பெரும்பாலும் எண்ணெய்ப்பசையினால் ஒட்டிக்கொண்டிருப்பது. எண்ணெயை நாடும் முனைகள் அப்பசையைச் சூழ்ந்து பற்றிக்கொள்ள, நீரை விரும்பும் முனைகள் வெளிப்புறம் நோக்கி நிற்கும். பிறகு கசக்கும்போது அழுக்கு சிறுசிறு திவலைகளாகப் பிரிந்து நீரோடு போய்விடுகிறது. கை செய்யும் வேலையும் நீர் செய்யும் வேலையும் இதில் பெரும்பங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். சோப்பு அவ்விரண்டையும் இணைத்து வைக்கும் தரகர் மட்டுமே.

தரகருக்கு நாம் கொடுக்கும் கூலி ஏன் சில ஊர்களில் மிகுதியாகவும், சில ஊர்களில் குறைவாகவும் உள்ளது? விடை நீரில் இருக்கிறது. கோவையில் சிறுவாணி நீரில் குளிப்பவர், சிறிது சோப்பு தேய்த்த அளவிலேயே நுரை பொங்குவதையும், அலசினால் எளிதில் போகாமல் வழுவழுப்பு நிற்பதையும் அறிவர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் துவைப்பவரோ கட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோவர், நுரை வராது, வாளியின் விளிம்பில் வெண்மையான ஏடு ஒன்று படியும். அந்நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் என்பவற்றின் உப்புகளே இதற்குக் காரணம். அவை சோப்போடு கூடி, நீரில் கரையாத ஒரு பொருளாக மாறிவிடுகின்றன. அப்பொருளே அந்த ஏடு. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தீரும் வரையில் நாம் தேய்க்கும் சோப்பு அழுக்கை நெருங்குவதே இல்லை, ஏடாகி வீணாகிறது. போதாக்குறைக்கு அவ்வேடு துணியிலும் படிந்து, வெள்ளைத் துணியைப் பழுப்பாகவும் மொரமொரப்பாகவும் ஆக்குகிறது. துணி பழுத்துவிட்டதே என்று மேலும் சோப்பு தேய்த்தால் மேலும் ஏடு உண்டாகும். உப்புநீர் ஊர்களில் பல இல்லங்களின் சோப்புக் காசு இவ்வாறே சாக்கடைக்குப் போகிறது.

தம் ஊர் நீர் எத்தகையது என்பதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. பருப்பு எளிதில் வேகாத நீர் கடினநீர் என்பதை நம் இல்லத்துப் பெண்டிர் நெடுங்காலமாக அறிவர். வேறொரு சோதனையும் உண்டு. ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் வீட்டுக் குழாய்நீரையும் பாதியளவு நிரப்புங்கள். சலவைச் சோப்பைச் சீவி, அச்சீவலை ஒரே அளவாக இரண்டிலும் இட்டு மூடிக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை எழுந்து நிற்கும். குழாய்நீரில் நுரை குறைந்து, நீர் கலங்கித் திரிதிரியாகத் தோன்றினால், அது கடினநீர் என்று கொள்க.

கடினநீரை மென்னீராக்க இருவழிகள் உண்டு. ஒன்று, கொதிக்க வைத்தல். இதனால் கடினத்தன்மையின் ஒரு பகுதியே நீங்கும். அடுப்பெரிக்கும் செலவோ சோப்பின் செலவையும் மிஞ்சிவிடும். ஆகவே துணி துவைப்பதற்கு அவ்வழி நமக்கு ஏற்றதன்று. மற்றொன்று, துணியை இடுவதற்கு முன்பே நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து வைத்தல். கால்சியமும் மக்னீசியமும் சோடாவோடு கூடி அடியில் படிந்துவிட, பின்னர் இடும் சோப்பு முழுதும் அழுக்கின்மேல் செல்லும். சலவைச் சோடா சோப்பைவிட விலை குறைந்தது. ஆயினும் பட்டுக்கும் கம்பளிக்கும் அதனைப் பயன்படுத்தலாகாது; பருத்திக்கே அது உரியது. வெறுங்கையால் நெடுநேரம் அதில் புழங்குவதும் தோலுக்குத் தீங்கு. மழைக்காலத்தில் கூரைநீரை அண்டாவில் பிடித்து வைத்துத் துவைக்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அவ்வீட்டார் வேதியியல் கற்றவர்களோ இல்லையோ, சோப்பின் செலவை அறிந்தவர்கள்.

கடினநீரிலும் ஏடு படியாமல் வேலை செய்யும் பொருள் ஒன்றுண்டு. அதுவே செயற்கைச் சலவைத்தூள். அது தோன்றிய வரலாறு சுவையானது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் கொழுப்புக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. உண்பதற்கே கொழுப்பில்லாத நாட்டில் சோப்புக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்? 1916-ஆம் ஆண்டில் அந்நாட்டு வேதியியலார், கொழுப்பின்றியே சோப்பைப் போன்று இருமுகம் கொண்ட பொருளொன்றை உருவாக்கினர். பின்னர்ப் பிற நாடுகளிலும் இவ்வாராய்ச்சி வளர்ந்தது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருள்களே இதற்கு மூலப்பொருள்கள் ஆயின. இவ்வகைத் தூள் கால்சியத்தோடு கூடி ஏடாவதில்லை. ஆதலின் உப்புநீர் ஊர்களுக்கு இது பெருந்துணை.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு 'சர்ஃப்' என்னும் தூள் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அதனை வாங்கக்கூடியவர்கள் வசதியுடையோரே. மற்றையோர் மஞ்சள் நிறச் சோப்புக்கட்டியையே நம்பியிருந்தனர். 1969-ஆம் ஆண்டு, குஜராத்து மாநிலத்து அகமதாபாத்தில், அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய வேதியியல் பட்டதாரியான கர்சன்பாய் பட்டேல் என்பார் தம் வீட்டிலேயே ஒரு தூளைக் கலந்து, மிதிவண்டியில் கொண்டுசென்று வீடுவீடாக விற்கத் தொடங்கினார். தம் மகளின் பெயரையொட்டி அதற்கு 'நிர்மா' என்று பெயரிட்டார். அன்று சந்தையிலிருந்த உயர்ந்த தூளின் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அதன் விலை. அதுவரை தூளையே கண்டறியாத எண்ணற்ற குடும்பங்கள் அதனை வாங்கின. பெரிய நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. மலிவு வேறு, நல்ல கொள்முதல் வேறு என்றும், தன் தூளில் அரை கிலோவே மலிவுத் தூளின் ஒரு கிலோவுக்கு ஈடாகும் என்றும் 1980-களில் தொலைக்காட்சி விளம்பரங்களின் வாயிலாக வாதிட்டது.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? விளம்பரத்தை விடுத்து, கணக்கைக் கொண்டு நாமே ஆராய்வோம். முதல் தூள் கிலோ 80 ரூபாய். ஒரு வாளித் துணிக்கு 60 கிராம் தேவை எனக் கொள்வோம். இரண்டாம் தூள் கிலோ 140 ரூபாய். அதே துணிக்கு 30 கிராம் போதும் எனக் கொள்வோம். முதல் தூளில் ஒரு வாளிக்கு ஆகும் செலவு 4 ரூபாய் 80 காசு. இரண்டாம் தூளில் 4 ரூபாய் 20 காசு. கிலோ விலையில் மிக உயர்ந்தது, வாளி விலையில் தாழ்ந்துவிட்டது! மாதம் இருபது வாளி துவைக்கும் வீட்டில் முன்னதற்கு 96 ரூபாயும், பின்னதற்கு 84 ரூபாயும் ஆகும். ஆகவே நாம் ஒப்பிட வேண்டியது கிலோவின் விலையை அன்று. ஒருமுறை துவைப்பதற்கு ஆகும் விலையை.

ஆனால் கணக்கு இங்கே முடிந்துவிடவில்லை. விலையுயர்ந்த தூளை வாங்கிய இல்லத்தில், பழைய பழக்கத்தின்படி, கை நிறைய 60 கிராமையே அள்ளியிட்டால் என்னாகும்? வாளிக்கு 8 ரூபாய் 40 காசு. மாதத்திற்கு 168 ரூபாய். மலிவுத் தூளை வாங்கியிருந்தால் ஆகும் செலவைக் காட்டிலும் 72 ரூபாய் மிகுதி. பெரும்பாலான வீடுகளில் பணம் விரயமாவது கடையில் அன்று. குளியலறையில் என்பதே என் கருத்து. உறைக்குள் ஒரு பழைய தேக்கரண்டியை இட்டு வைப்பதால் மிச்சமாகும் தொகை, பல கடைகள் ஏறி இறங்கி விலை கேட்பதால் மிச்சமாகும் தொகையினும் பெரிது. கிலோ 220 ரூபாய்க்கு விற்கும் மூன்றாம் தூள் ஒன்றும் 30 கிராமே வேண்டுவது என்று கொண்டால், அதன் வாளி விலை 6 ரூபாய் 60 காசு. கறைபட்ட வெள்ளைச் சீருடைக்கு ஒருவேளை அது தகும்; தூசி படிந்த திரைச்சீலைக்கு அது வேண்டா.

விலையை ஒப்பிடுவதற்குச் சட்டமும் இப்போது நமக்குத் துணை செய்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொதியிட்ட பொருள்கள் பற்றிய எடையளவு விதிகளின்படி, உறையின்மீது உயர்ந்தபட்சச் சில்லறை விலை, நிகர எடை, உற்பத்தி செய்தவரின் பெயர், முகவரி ஆகியன அச்சிடப்பெற வேண்டும். பின்னர்ச் செய்யப்பெற்ற திருத்தத்தினால் ஓர் அலகின் விலையும் அச்சிடப்பெறுகிறது. ஒரு கிலோவிற்குக் குறைந்த பொதியில் அது கிராமின் விலையாகவும், மிகுந்த பொதியில் கிலோவின் விலையாகவும் இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால் இரண்டையும் ஒப்பிடலாம். பெரிய பொதி எப்போதும் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் கூடாது. சில வேளைகளில் பத்து ரூபாய்ச் சிறு பொதியே கிராமுக்குக் கணக்கிட்டால் மலிவாக இருப்பதுண்டு. அச்சிறு பொதிகளில் வேறொரு நுட்பமும் உண்டு. பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே பல ஆண்டுகள் நிற்கும். உள்ளிருக்கும் எடை மட்டும் ஓசையின்றி இளைத்துக்கொண்டு வரும். உறையின் முகப்பில் உள்ள பெரிய எழுத்துகளைக் காட்டிலும் பின்புறத்துச் சிறிய எழுத்துகளே நமக்கு நண்பர்கள்.

நுரையைப் பற்றி ஒரு சொல். நுரை மிகுதியானால் வெளுப்பும் மிகுதியாகும் என்பது பலருடைய நம்பிக்கை. இது பிழை. அழுக்கை நீக்குவது கரைசலில் உள்ள துகள்களே; நுரை அன்று. துவைக்கும் பொறிகளுக்கென்றே செய்யப்பெறும் தூள்களில் நுரையை அடக்கும் பொருளைச் சேர்க்கின்றனர். அவை நன்றாகவே வெளுக்கின்றன. நுரையை நம்பித் தூளை மிகுதியாகக் கொட்டுவோர், அந்நுரையைப் போக்க நான்கு முறை அலச வேண்டியிருக்கும். குடம் குடமாக நீர் சுமக்கும் வீட்டில் அந்த நான்காம் அலசலின் விலை என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். தூளின் எச்சம் துணியில் தங்கினால் தோலில் அரிப்பும் உண்டாகலாம்.

வெண்மையைப் பற்றியும் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. பல தூள்களில் ஒளிர்வூட்டும் பொருள் ஒன்று சேர்க்கப்பெறுகிறது. அது கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களை ஏற்று, நீல ஒளியாக வெளிவிடுகிறது. மஞ்சள் சாயை மறைந்து துணி பளிச்சென்று தோன்றுகிறது. நம் வீடுகளில் நீலம் போடுவதும் ஏறத்தாழ இதே காரணத்தினால்தான். இவை கண்ணுக்கு வெண்மையைக் கூட்டுவன. அழுக்கை நீக்குவன அல்ல. பளிச்சென்ற தோற்றத்தை மட்டும் கொண்டு ஒரு தூளை உயர்ந்தது என்று முடிவு செய்தல் ஆகாது. மாறாக, நொதிகள் சேர்ந்த தூள் உண்மையாகவே சில கறைகளை வெல்லும். 1913-ஆம் ஆண்டிலேயே ஓட்டோ ரோம் என்னும் ஜெர்மானியர் நொதிகளைச் சலவையில் பயன்படுத்தும் முறையைக் கண்டார். புரதத்தைச் சிதைக்கும் நொதி பால், முட்டை, குருதி ஆகியவற்றின் கறையை நீக்கும்; மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதி சோறு, குழம்பு இவற்றின் கறையை நீக்கும். ஆனால் அவற்றிற்கு நேரம் வேண்டும். அரைமணியாவது ஊறவைக்காமல், நொதித்தூளில் நனைத்த உடனே கசக்கிப் பிழிபவர், நொதிக்கெனக் கொடுத்த காசை அப்படியே நீரில் விடுகிறார். கொதிநீரும் நொதியைக் கெடுக்கும். வெதுவெதுப்பான நீரே ஏற்றது. புரதம் சேர்ந்த கறையை முதலில் குளிர்ந்த நீரில் அலசுதல் நலம். வெந்நீர் பட்டால் அக்கறை இறுகிவிடும்.

சோப்புக்கட்டியைப் பயன்படுத்துவோர் அதனை நீர் தேங்கும் இடத்தில் வைத்தல் கூடாது. முன்னாளில் நீண்ட கட்டியாக வாங்கி, நூலால் துண்டு துண்டாக அறுத்து, பரணில் காற்றாட உலர்த்தி வைப்பர். உலர்ந்து இறுகிய சோப்பு எளிதில் கரையாது. ஆதலின் நெடுநாள் வரும். கழுத்துப்பட்டை, கைமடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் கட்டியைத் தேய்த்து, மற்றப் பகுதிக்குத் தூள்நீரே போதும் என்று விடுவது நல்ல முறை.

இவ்வளவு கூறியபின்னும், தூளின் விலையை மட்டுமே செலவாகக் கொள்ளுதல் பொருந்தாது. சட்டையின் விலை அதனைத் துவைக்கும் தூளின் விலையைப் போலப் பன்மடங்கு. காரம் மிகுந்த தூளில் ஒருமாதம் ஒருமாதமாகத் தேய்ந்து, ஆறே மாதத்தில் தோள்பட்டை கிழிந்த சட்டைக்கு மாற்று வாங்கும்போது, தூளில் மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று? துவைப்பவரின் கையும் கணக்கில் சேர வேண்டியதே. பெரும்பாலான வீடுகளில் அக்கை தாயின் கை. விரலிடுக்கில் வெடிப்பும் எரிச்சலும் தோன்றினால், அத்தூள் எவ்வளவு மலிவாயினும் அதனை மாற்றுவதே முறை. அல்லது, அளவைக் குறைத்து, ஊறும் நேரத்தைக் கூட்டி, கசக்கும் வேலையைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ள வேண்டும். தம் சீருடையைத் தாமே துவைத்துக்கொள்வதில் மாணவர்க்குக் குறைவொன்றும் இல்லை.

நாம் கொட்டும் நுரை வாசலோடு நின்றுவிடுவதும் இல்லை. தொடக்ககாலத்துச் செயற்கைத் தூள்கள் நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்கப்படாதவை. ஆதலின் 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகள் நுரைபூத்து ஓடின. 1960-களில் எளிதில் சிதையும் வகை வந்தபின் அத்தொல்லை அங்கே பெரிதும் குறைந்தது. நம் நாட்டிலோ கழிவுநீரைத் தூய்மை செய்யாமலே நீர்நிலைகளில் விடுவதால், எளிதில் சிதையும் தூளும் மிகுதியாகித் தேங்குகிறது. 2015-ஆம் ஆண்டில் பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் நுரை காற்றில் எழுந்து சாலைகளில் வந்து விழுந்தது. 2019-ஆம் ஆண்டு மழைக்குப்பின் சென்னை மெரினாக் கடற்கரையில் நுரை மலைபோல் ஒதுங்கியபோது, சிறுவர்கள் அதனைப் பனியென்று எண்ணி விளையாடினர். அது நகரத்துச் சலவைநீரும் கழிவுநீரும் கலந்து வந்ததன் விளைவென்பதை அறிந்தவர்கள் அவர்களைக் கரையேறச் சொல்லினர்.

இனி, நம் வீட்டிற்கு எவ்வளவு தூள் தேவை என்பதைக் கண்டறியும் முறையைச் சொல்லுவோம். உறையில் கூறியுள்ள அளவு அவர்கள் சொல்லும் அளவு. நம் நீருக்கும் நம் அழுக்கிற்கும் ஏற்ற அளவை நாமே காணலாம். பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றை நான்கு ஒத்த துண்டுகளாகக் கிழித்து, நான்கிலும் ஒரே அளவாக நல்லெண்ணெயும் தெருப்புழுதியும் கலந்து தடவி, ஓரிரவு வைத்திருங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் வேறுவேறு முடிச்சாக நூலால் அடையாளமிடுங்கள். நான்கு பாத்திரங்களில் ஒரே அளவு நீர் எடுத்து, முதலாவதில் உறையில் கூறிய விகிதப்படி முழு அளவும், இரண்டாவதில் அதில் முக்கால் அளவும், மூன்றாவதில் பாதியளவும் தூளைக் கரையுங்கள். நான்காவதில் தூள் வேண்டா. துண்டுகளை அரைமணி ஊறவைத்து, ஒவ்வொன்றையும் எண்ணி இருபது முறை கசக்கி, இருமுறை அலசி, நிழலில் உலர்த்துங்கள். பின்னர், எந்த முடிச்சு எதனைக் குறிக்கிறது என்பதை அறியாத ஒருவரிடம் காட்டி, தூய்மையின் வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். முழு அளவிற்கும் முக்கால் அளவிற்கும் அவரால் வேறுபாடு காண இயலவில்லையெனில், வீட்டுத் தேக்கரண்டியில் முக்கால் அளவிற்குக் கோடு கிழித்துவிடலாம். பாதியளவையும் அவர் பிரித்தறியவில்லையெனில், கோட்டை இன்னும் கீழே இறக்குங்கள்.